அரை நிமிஷ நிறம்

துளி விழாமல் தொங்கிக்கொண்டிருந்தது. பியூரெட் என்னும் அந்த நீளக் கண்ணாடிக் குழாயின் முனையில், கத்தரிப்பூ நிறத்தில், விழலாமா வேண்டாமா என்று அதுவும் யோசிப்பதுபோல. ஜெபசெல்வி இடது கையால் குழாயின் திருகைப் பிடித்திருந்தாள், வலது கையால் கீழே இருந்த குடுவையின் கழுத்தைப் பிடித்திருந்தாள், மூச்சை எங்கே வைத்திருந்தாள் என்று அவளுக்கே தெரியவில்லை. துளி விழுந்தது. தண்ணீர்போல் தெளிந்திருந்த கரைசலில் ஒரு சிவப்புக் கோடு ஓடி, சுருண்டு, கலைந்தது. குடுவையைச் சுழற்றினாள். போய்விட்டதா, தங்கிவிட்டதா? வெள்ளை ஓட்டின் மேல் வைத்துப் பார்த்தாள். இருக்கிறது. ரோஜாப்பூவைக் கழுவி எடுத்த தண்ணீர்போல இருந்தும் இல்லாமலும் இருக்கிறது. இருக்கிறதுதானே? இவ்வளவுதான் இந்தப் பரிசோதனை. இரும்பு கரைந்திருக்கும் கரைசலில் மேலிருந்து பெர்மாங்கனேட்டைச் சொட்டுச் சொட்டாக விட வேண்டும். விட விட அதன் நிறம் காணாமல் போகும். ஏதோ ஒரு சொட்டில் போகாமல் நிற்கும். அரை நிமிஷம் நின்றால் போதும், குழாயில் எவ்வளவு இறங்கியிருக்கிறது என்று பார்த்து எழுதிக்கொள்ள வேண்டியது. அப்படி இரண்டு முறை செய்து இரண்டும் ஒத்துப்போனால் வேலை முடிந்தது. சுற்றிலும் இருக்கிற பிள்ளைகள் கதை பேசிக்கொண்டே செய்கிறார்கள். அவர்களுக்கு இருபது வயது. ஜெபசெல்விக்கு இருபத்து மூன்று முடிந்துவிட்டது, இன்னும் இதே மேஜையில் நிற்கிறாள், இதே சொட்டைப் பார்த்துக்கொண்டு. இருக்கிறது. இளஞ்சிவப்பு இருக்கிறது. பார்த்துக்கொண்டே இருக்கக் கூடாது, அரை நிமிஷத்துக்கு மேல் கூடவே கூடாது, அதற்கு மேல் வைத்திருந்தால் காற்றோ தூசியோ பட்டு நிறம் தானாகவே வெளுத்துவிடும், வெளுத்தால் அதில் தப்பில்லை, கணக்கு அரை நிமிஷத்தோடு சரி. இது புத்தகத்திலேயே இருக்கிறது, அவள் மனப்பாடமாகச் சொல்லுவாள். ஆனால் கண்ணை எடுக்க முடிந்தால்தானே. எடுத்த அந்த நேரத்தில்தான் நிறம் போயிருந்தால்? போகும் நிறத்தைப் பிடித்து வைப்பதுபோல அவள் பார்க்கிறாள், பார்க்கப் பார்க்க அது போகிறது.

போன வருஷம் இப்படித்தான். அதற்கு முந்தின வருஷமும் இப்படித்தான். நிறம் வந்தது, நின்றது, அவள் பார்த்துக்கொண்டே இருந்தாள், வெளுத்தது. ஐயோ, வரவில்லை போலிருக்கிறது என்று இன்னொரு சொட்டு விட்டாள். சிவப்பு அதிகமானது. அதிகமாகிவிட்டது, இனி இது சரியான அளவு இல்லை என்று அப்படியே தொட்டியில் கொட்டிவிட்டுப் புதிதாக ஆரம்பித்தாள். மறுபடியும் அதே. பரிசோதிக்கக் கொடுக்கிற கரைசல் ஆளுக்கு ஒரு பிளாஸ்க்தான், கழுத்துக் கோடு வரைக்கும் தண்ணீர் விட்டு நிரப்பி வைத்துக்கொள்ள வேண்டும், அதிலிருந்து ஒவ்வொரு தடவையும் இருபது மில்லி உறிஞ்சி எடுக்க வேண்டும். உறிஞ்சும் குழாயான பிப்பெட்டைக் கழுவ எடுத்தது போக நாலு தடவைக்குத்தான் வரும். நாலையும் அவள் கொட்டினாள். ஐந்தாவதுக்கு பிப்பெட்டை விட்டபோது பிளாஸ்க்கின் அடியில் காற்றுத்தான் உறிஞ்சியது, கொர்ர் என்று ஒரு சத்தம், லேப் முழுவதும் கேட்டதுபோல் இருந்தது அவளுக்கு. லேப் ஆசிரியை ஷோபனா மேடத்திடம் போய், “மேடம், சொல்யூசன் தீந்துட்டு, இன்னும் கொஞ்சம் தருவீங்களா” என்று கேட்டாள். மேடம் பாவம் என்ன செய்வார். “ஒரு தடவைதான்மா குடுக்க முடியும், அதுதானே ரூல். வந்த ரீடிங்கை எழுது, பாஸாவது போட்டுத் தரலாம்” என்றார். வந்த ரீடிங் எதுவும் அவளிடம் இல்லை. ஒவ்வொன்றையும் எழுதி ஒவ்வொன்றையும் அடித்திருந்தாள். வெறும் அடித்தல்கள் உள்ள தாளுக்கு யார் மார்க் போடுவார்கள். மற்ற எழுத்துப் பரீட்சைகளையெல்லாம் மாத்திரை போட்டுக்கொண்டு, ஒவ்வொன்றாக, தாமதமாகவேனும் எழுதித் தாண்டிவிட்டாள். எழுதினதைத் திரும்பப் படித்துப் பார்த்துக்கொள்ளலாம், எழுத்து ஓடிப் போகாது. இந்த நிறம் ஓடிப் போகிறது. இந்த ஒன்று மட்டும் பாக்கி. செய்முறைப் பரீட்சை வருஷத்துக்கு ஒரு முறைதான் வரும், பல்கலைக்கழகம் அவளுக்குக் கொடுத்த கெடு இந்த முறையோடு முடிகிறது. இன்றைக்கும் பிளாஸ்க்கைக் காலி செய்துவிட்டால் அவள் பி.எஸ்சி. இல்லை. படித்த வருஷங்களெல்லாம் பன்னிரண்டாம் வகுப்போடு நின்றதாக ஆகிவிடும்.

காலையில் சாலமோன் அண்ணன்தான் பைக்கில் கொண்டுவந்து விட்டான். அவனுக்குத் தனியார் பஸ்ஸில் கண்டக்டர் வேலை, இன்றைக்கு இவளுக்காக முதல் நடையை வேறொருவனிடம் மாற்றிக் கொடுத்திருந்தான். அந்தக் கோபம் வழியெல்லாம் அவன் முதுகில் தெரிந்தது. கல்லூரி வாசலில் நிறுத்திவிட்டு, ஹெல்மெட்டைக் கழற்றாமலே, “இந்தத் தடவையும் ஒண்ணும் எழுதாமக் குடுத்துட்டு வந்தியன்னா, சத்தியமா சொல்லுதேன், அப்புறம் படிப்புன்னு என்கிட்ட வாயத் திறக்கப்பிடாது. படிச்சுட்டுப் போயிருந்தா ஏம்ட்டி எழுத வராது?” என்றான். படித்துத்தான் போனேன் அண்ணா என்று சொல்லவில்லை. சொன்னால், அப்போ ஏன் எழுதவில்லை என்பான், அதற்குப் பதில் இந்தக் குடுவைக்குள் இருக்கிறது, அதை எப்படி வாசலில் எடுத்துக் காட்டுவது. பிறகு அவனே, “தண்ணி வச்சிருக்கியா? மாத்திரை போட்டியா?” என்று கேட்டான். மாத்திரை என்ற சொல்லை மட்டும், யாருக்கும் கேட்டுவிடக் கூடாது என்பதுபோலத் தாழ்ந்த குரலில். வண்டியைத் திருப்பிவிட்டு மறுபடி நிறுத்தி, “முடிஞ்சதும் போன் போடு, நான் ஜங்சன்லதான் நிப்பேன்” என்றான். அவன் கெட்டவன் இல்லை. அவனுக்கு ஒரு பஸ், ஒரு தடம், ஏறினவர் இறங்கினவர், அத்தோடு கணக்கு முடியும். பூட்டின கதவு பூட்டினதுதான் அவனுக்கு. அது எப்படி இருக்கும் என்று அவள் நினைத்துப் பார்த்திருக்கிறாள், பூட்டின கதவைப் பூட்டினது என்று நம்பிவிட்டு நடந்து போகிறவனுக்குத் தலை எவ்வளவு லேசாக இருக்கும் என்று.

முதலில் கதவுதான். இரண்டாம் வருஷம் படிக்கும்போது, ஒரு நாள், பஸ் நிறுத்தம் வரைக்கும் போய்விட்டுத் திரும்பி வந்தாள், தாழ்ப்பாள் போட்டிருந்தது. மறுநாளும் வந்தாள். பிறகு அடுப்புத் திருகு. பிறகு ஜெபம். ராத்திரி முழங்காலில் நின்று சொல்லுகிற ஜெபத்தில் ஒரு வார்த்தையில் மனம் வேறெங்கோ போய்விட்டது என்று மறுபடி முதலிலிருந்து சொன்னாள், ஆமென் சொன்னது மனதிலிருந்து வரவில்லை என்று இன்னொரு ஆமென் சொன்னாள், அதுவும் சரியில்லை. அம்மா பாயில் படுத்தபடி, “பிள்ளைக்கு எம்புட்டு பக்தி” என்றாள் பெருமையாக. பள்ளிக்கூட விடுதியில் சமைக்கிறவள் அம்மா, விடிவதற்கு முன்னே எழுந்து போக வேண்டும், அவளுக்கு எல்லாமே தூக்கத்தின் நடுவில் தெரிந்த விஷயங்கள்தான். பிறகு பக்தி இல்லை என்று அம்மாவுக்கே தெரிந்தது. ஜெபக் கூட்டத்துக்குக் கூட்டிப்போனாள், அங்கே தலையில் கைவைத்து ஜெபித்தார்கள், கைகள் சூடாக இருந்தன, அன்பாகத்தான் இருந்தன, ஆனால் வீட்டுக்கு வந்ததும் அவள் கேட்டது, “எம்மா, அவங்க ஜெபிக்கும்போது நான் கண்ண மூடியிருந்தேனா?” கடைசியில் பெரிய ஆஸ்பத்திரிக்கு, வியாழக்கிழமை. டாக்டரம்மா அதிகம் பேசவில்லை. இது சந்தேக நோய் இல்லை, மற்றவர் மேல் வருகிற சந்தேகம் இல்லை இது, உன் கண்ணும் கையும் செய்ததை உன் மனசு ஒத்துக்கொள்ள மாட்டேன் என்கிறது, அவ்வளவுதான், நிறையப் பேருக்கு இருக்கிறது என்றார். நிறையப் பேருக்கு இருக்கிறது என்றதும் அவளுக்கு அழுகை வந்தது. அந்த நிறையப் பேர் எங்கே இருக்கிறார்கள், எந்த லேபில் நிற்கிறார்கள். ஷோபனா மேடம் ஒரு தடவை அம்மாவை அழைத்துச் சொன்னார், டாக்டரிடம் சர்டிபிகேட் வாங்கி மாற்றுத்திறனாளி என்று பதிந்து அட்டை வாங்கிக்கொண்டால் பரீட்சையில் நேரம் கூடக் கேட்டு எழுதலாம் என்று. அம்மா முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு கேட்டாள், தலையையும் ஆட்டினாள், வெளியே வந்ததும், “கையுங் காலும் கல்லு மாதிரி இருக்க பிள்ளைக்கு அந்த அட்டைய வாங்கவா? நாளைக்கி பொண்ணு பாக்க வாரவன் என்னன்னு கேப்பான். நீ மனச திடமா வச்சிக்க, தன்னால சரியாப் போவும்” என்றாள். மனதைத் திடமாக வைத்துக்கொள்வது. எந்தத் திருகைத் திருப்பினால் மனம் திடமாகும் என்று அம்மா சொல்லவில்லை. அம்மாவுக்குத் தெரிந்திருந்தால் சொல்லியிருப்பாள்.

இளஞ்சிவப்பு இருக்கிறதா? இருக்கிறது. கொஞ்சம் வெளுத்திருக்கிறதா? அரை நிமிஷம் ஆகிவிட்டதா? ஆகியிருக்கும். நிச்சயமாக ஆகியிருக்கும், அண்ணன், அம்மா, டாக்டரம்மா எல்லாரும் வந்துபோய்விட்டார்களே. திருகில் இருந்த விரல்கள் வழுக்கின. இன்னொரு சொட்டு. அரைச் சொட்டு. சும்மா முனையைக் குடுவையின் வாயில் தொட்டு எடுத்தால்கூடப் போதும். விரல் திரும்பப் போனது. டாக்டரம்மா சொன்னார், சந்தேகம் தீர்ந்த பிறகு வேலையைச் செய்யலாம் என்று காத்திருக்காதே அம்மா, அது தீராது, தீராமலே செய். அதற்குப் பாடம்போல, வீட்டைப் பூட்டிவிட்டு இழுத்துப் பார்க்காமல் கோயில் வரைக்கும் நடந்து போகச் சொன்னார். போனாள். நடந்தாள் என்று சொல்ல முடியாது, பின்னாலிருந்து யாரோ சேலையைப் பிடித்து இழுக்க இழுக்கப் போனதுபோல். பாதி வழியில் பஸ் நிறுத்தத்துச் சிமெண்டு பெஞ்சில் உட்கார்ந்து அழுதாள். ஒரு பூக்காரி, “என்ன தாயி, ஆரும் செத்துட்டாவளா?” என்றாள். இல்லை, கதவு பூட்டியிருக்கிறதா என்று தெரியவில்லை என்று சொன்னால் அந்த அம்மாள் என்ன நினைப்பாள். ஆனால் அழுதுகொண்டே இருக்கும்போது, எப்போது என்று தெரியாமல், அந்த இழுப்பு கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்ந்தது, முழுவதும் போகவில்லை, பல்வலி அடங்குகிறதுபோல அடங்கியது. அதுவரை அவள் அதை அடங்கவிட்டதே இல்லை, ஒவ்வொரு தடவையும் ஓடிப் போய்த் தாழ்ப்பாளைத் தொட்டுத் தீனி போட்டுக்கொண்டிருந்தாள். தொடாமல் இருந்தால் அது கத்தும், கத்திக் கத்தி ஒரு நேரம் தூங்கிவிடும். திருகிலிருந்து கையை எடுத்தாள். குழாயை நிமிர்ந்து பார்த்தாள். பதினெட்டுப் புள்ளி நாலு. மேல் விளிம்பைத்தான் பார்க்க வேண்டும், கண்ணுக்கு நேராக வைத்துத்தான் பார்க்க வேண்டும், பார்த்தாள், நாலுதான். தாளில், பேனாவில் எழுதினாள். எல்லாரும் முதலில் பென்சிலில்தான் எழுதுவார்கள். பென்சில் என்றால் அழிக்கலாம், அதனால் அவள் பென்சிலே கொண்டுவரவில்லை.

இனிக் குடுவையைக் கொட்டிக் கழுவ வேண்டும். இது இன்னொரு தாழ்ப்பாள். கொட்டிவிட்டால் சாட்சி போய்விடும், நிறம் வந்ததற்கு அவள் எழுதின எண்ணைத் தவிர வேறு எதுவும் இருக்காது. தொட்டியருகே வந்து நின்றாள். பக்கத்து மேஜை முப்பிடாதியும் அங்கே கழுவிக்கொண்டிருந்தாள். மூன்றாம் வருஷப் பிள்ளை, வாய் ஓயாத பிள்ளை, காலையில்தான் பழக்கம், அதற்குள் எக்கா எக்கா என்று ஒட்டிக்கொண்டாள். விரலெல்லாம் பெர்மாங்கனேட் பட்டுப் பழுப்பேறி இருந்தது. “எக்கா, என் கலரப் பாத்தீங்களா? பீட்ரூட்டு அவிச்ச தண்ணி மாதிரி வந்துட்டு. ஒரே ஒரு தும்மல் தும்மினேன், கை திருகிருச்சி” என்று சிரித்தாள். குரலைத் தாழ்த்தி, “எக்ஸ்டர்னல் சாருக்கு இன்னிக்கு வஞ்சிரம் மீன் குழம்பாம். கண்ணு சொருகுது, பாருங்க. இப்பப் போனா வைவால ஒண்ணும் கேக்க மாட்டாரு, சீக்கிரம் முடிங்கக்கா” என்றாள். கோடியில் மின்விசிறிக்கு அடியில் வேறு கல்லூரியிலிருந்து வந்த பரிசோதகர் உட்கார்ந்திருந்தார். நரைத்த மீசை, சட்டைப்பையில் இரண்டு பேனா. தூங்கவில்லை, தாளைக் கண்ணுக்குக் கிட்டத்தில் வைத்துப் படித்துக்கொண்டிருந்தார். “உங்களுக்கு எம்புட்டுக்கா வந்திருக்கு?” என்றாள் முப்பிடாதி. “பதினெட்டு நாலு” என்று வாய் தானாகச் சொல்லிவிட்டது. சொன்ன பிறகு குடுவை கையில் கனமாக இல்லை. எண் வெளியே போய்விட்டது, ஒருத்தி காதில் விழுந்துவிட்டது, இனிப் போய் அடிக்க முடியாது என்று தோன்றியது, அந்தத் தைரியம் எத்தனை நேரம் தாங்கும் என்று தெரியாது, தாங்குகிறபோதே கொட்டிவிட்டாள். இளஞ்சிவப்பு வெள்ளைத் தொட்டியில் ஓடி, குழியைச் சுற்றி ஒரு சுற்றுச் சுற்றி, போய்விட்டது. போகும்போது நல்ல சிவப்பாகத் தெரிந்தது. அதிகமாகத் தெரிந்ததோ?

அடுத்தது. பியூரெட்டை மறுபடி பூஜ்யம் வரை நிரப்பினாள், பிப்பெட்டில் இருபது மில்லி உறிஞ்சினாள், மாத்திரையால் வாய் எப்போதும் காய்ந்து போயிருக்கிறது, கண்ணாடி உதட்டில் ஒட்டியது. கோட்டுக்கு நேராக இறக்கினாள். அமிலம் ஒரு குழாய். சேர்த்தோமா? சேர்த்தாயிற்று, குழாய் காலியாக இருக்கிறது. முன்பே காலியாக இருந்த குழாயோ? குடுவையைத் தொட்டாள், அமிலம் விட்ட இடம் வெதுவெதுப்பாக இருந்தது. தொட்டுப் பார்த்தது தப்பு. தொட்டது தொட்டதாக இருக்கட்டும். திருகைத் திறந்தாள். பெர்மாங்கனேட் மெல்லிய நூலாக இறங்கியது, விழுந்த இடத்தில் பூவாக விரிந்து, சுழற்றினதும் இல்லாமல் போனது. இது வேகமாகப் போகலாம், பதினேழு வரைக்கும் பயமில்லை. இந்தப் பதினேழு வரைக்கும் உள்ள நேரம் அவளுக்குப் பிடிக்கும். படிக்க வந்த முதல் வருஷத்தில் இதற்காகத்தான் வேதியியல் பிடித்துப்போனது, இவ்வளவு கடும் நிறம் ஒரு சுழற்றலில் காணாமல் போவதைப் பார்க்க. பின் வரிசையில் நின்று எல்லாருக்கும் முன்னே முடித்துவிட்டு மற்றவர்களுக்குச் சொல்லிக் கொடுப்பாள், “ஏளா, பொறு, இப்ப வரும் பாரு” என்று. அந்தப் பெண் எங்கே போனாள்? அவளும் இந்தக் கைகளைத்தான் வைத்திருந்தாள். அவளோடு படித்தவர்களில் ஒருத்தி உப்புக் கம்பெனி லேபில் வேலை பார்க்கிறாள், ஒருத்தி பி.எட். முடித்துப் பள்ளிக்கூடத்தில் இருக்கிறாள், கல்யாணப் பத்திரிகை கொடுக்க வந்தபோது, “நீ என்ன செய்யுத?” என்று கேட்டுவிட்டு, கேட்டிருக்கக் கூடாது என்று தலையைக் குனிந்துகொண்டாள். உப்புக் கம்பெனியில் அவளையும் வரச் சொன்னார்கள். டிகிரி கையில் இருந்தால் வா என்றார்கள். பதினேழு தாண்டியது. சொட்டு. சுழற்று. போயிற்று. சொட்டு. சுழற்று. போகிற நேரம் நீண்டது, ஒவ்வொரு சிவப்பும் கொஞ்சம் தயங்கிவிட்டுப் போனது. பதினெட்டு நாலு வந்தது. போய்விட்டது. போகக் கூடாதே. போய்விட்டது. முன்னே நாலில் நின்றதே, இதில் ஏன் நிற்கவில்லை, அப்படியானால் முன்னே நின்றது நிற்கவே இல்லையோ, அவள் பார்க்க ஆசைப்பட்டதைப் பார்த்தாளோ, அதைத்தான் தொட்டியில் கொட்டினாளோ. காது அடைத்தது. மின்விசிறியின் சத்தம் எங்கோ போனது. இன்னொரு சொட்டு தானாக விழுந்தது. சுழற்றினாள். நின்றது. இந்த முறை எண்ணினாள், ஒன்றிலிருந்து முப்பது வரை உதட்டுக்குள் எண்ணினாள், முப்பதில் கண்ணை மூடினாள். கண்ணை மூடியபடியே முகத்தைக் குழாய்ப் பக்கம் திருப்பிவிட்டுத் திறந்தாள், குடுவையைப் பார்க்கவில்லை. பதினெட்டுப் புள்ளி ஐந்து.

நாலு, ஐந்து. பக்கத்தில் பக்கத்தில். புத்தகத்தின்படி ஒரு புள்ளி வித்தியாசம் இருக்கலாம், ஷோபனா மேடமே வகுப்பில் சொல்லியிருக்கிறார். ஆனால் இந்த லேபில் இதுவரை யாரும் அப்படி எழுதிக் கொடுத்ததில்லை. எல்லாருடைய தாளிலும் கடைசி இரண்டு வரியும் ஒரே எண்ணாகத்தான் இருக்கும், அப்படி வராவிட்டால் வந்த மாதிரி எழுதிவிடுவார்கள், அதை ஒருவரும் தப்பாக நினைப்பதில்லை, திருவிழாவுக்குப் புதுச்சட்டை போடுவதுபோல அது ஒரு முறை. முப்பிடாதி எட்டிப் பார்த்தாள். “என்னக்கா, நாலு அஞ்சுன்னு வச்சிருக்கீங்க? ரெண்டையும் நாலாக்கிருங்க. எனக்கெல்லாம் பதினாறுலயிருந்து பத்தொம்பது வரைக்கும் பஸ் நம்பர் மாதிரி வந்துச்சி, நான் அத்தனையும் பதினேழு ரெண்டுன்னு போட்டுட்டேன்.” ஜெபசெல்வி சிரிக்கப் பார்த்தாள். அவளால் முடியாது. நேர்மை என்று பெரிதாக ஒன்றும் இல்லை, அந்த நாலை எழுதினால் அது பொய் நாலு என்று அவளுக்குத் தெரியும், அந்தப் பொய் நாலு இன்று சாயங்காலம் வரும், ஞாயிற்றுக்கிழமை கோயிலில் வரும், ரிசல்ட் வருகிறவரைக்கும் தினம் வந்து கதவைத் தட்டும். பொய் சொல்லிவிட்டுத் தூங்குகிற சௌகரியம் அவளுக்குக் கொடுக்கப்படவில்லை. அப்படியானால் இன்னொரு முறை செய். பிளாஸ்க்கைப் பார்த்தாள். இன்னும் இருக்கிறது, இன்னொரு தடவைக்குத் தாராளமாக இருக்கிறது. மூன்றாவது நாலு என்று வந்தால் இரண்டு நாலு, ஐந்து என்று வந்தால் இரண்டு ஐந்து. எவ்வளவு நியாயமாக இருக்கிறது. அது எப்போதும் நியாயமாகத்தான் பேசும். ஒரே ஒரு முறை என்றுதான் கேட்கும், கோபமாகக் கேட்காது, கெஞ்சுவதுபோலக் கேட்கும். மூன்றாவது, நாலுமில்லாமல் ஐந்துமில்லாமல் ஆறு என்று வந்தால்? அப்போது மூன்று எண்ணும் மூன்று பக்கம் இழுக்க, பிளாஸ்க்கில் ஒன்றும் இல்லாமல், பேனாவை எடுத்து ஒவ்வொன்றாக அடிக்க ஆரம்பித்துவிடுவாள், அது அவளுக்குத் தெரியும், நடந்ததுபோலவே தெரிந்தது. பிப்பெட்டைக் கழுவி, மேஜையில் வைக்காமல், ஸ்டாண்டில் எட்டத்தில் நிறுத்தினாள். ஐந்தை எழுதினாள். நாலுக்குக் கீழே ஐந்து. சராசரி போட்டாள், கணக்கைப் போட்டாள், பெருக்கினாள், வகுத்தாள். விடைக்குக் கீழே கோடு போட்டபோது ஸ்கேல் நகர்ந்து கோடு கோணியது. கோணலாகவே விட்டாள். விட்டுவிட்டு நின்றபோது முதுகெல்லாம் வியர்த்திருந்தது.

தாளை எடுத்துக்கொண்டு பரிசோதகரின் மேஜைக்குப் போனாள். அங்கிருந்து பார்த்தால் அவளுடைய பிளாஸ்க் தெரிந்தது, வெயில் பட்டு அடியில் மினுங்கிக்கொண்டிருந்தது. அவர் தாளை வாங்கினார், கண்ணுக்குக் கிட்டத்தில் கொண்டுபோனார், பதிவெண்ணைப் பார்த்தார், பழைய வருஷத்து எண் என்று அவருக்குத் தெரிந்திருக்கும். எண்களின் மேல் பேனா முனை மெதுவாக வந்து நின்றது. “நாலு, அஞ்சு” என்றார். “நெஜமா வந்ததா?”

“ஆமா சார்.”

“இன்னிக்கு இத்தனை தாள் பாத்தேன், எல்லாருக்கும் அச்சடிச்ச மாதிரி ஒரே நம்பர். ஒனக்கு மட்டுந்தான் வேற வேற வந்திருக்கு” என்று மீசைக்குள் சிரித்தார். நல்ல மனிதராகத் தெரிந்தார், வீட்டில் இவள் வயதில் ஒரு பிள்ளை இருக்கும் என்று தோன்றியது. அவர் எட்டி அவளுடைய மேஜையைப் பார்த்தார். “சொல்யூசன் இன்னும் மிச்சம் இருக்கே. நேரமும் கெடக்கு. நிதானமாப் போயி இன்னொண்ணு போட்டுப் பாரேன்மா. ரெண்டு ஒண்ணுபோல வந்துட்டா முழு மார்க்கும் போட்ருவேன். நான் காத்திருக்கேன், அவசரமே இல்ல.”

யாரும் அவளிடம் இப்படிக் காத்திருக்கிறேன் என்று சொன்னதில்லை. அவளுக்கு எப்போதும் வேண்டியிருந்தது இதுதான், நேரம், இன்னொரு தடவை, பரவாயில்லை என்று ஒரு பெரியவர் சொல்லும் வார்த்தை. இத்தனை வருஷமும் அவளை அழித்ததும் இதுதான். கால்கள் மேஜையை நோக்கித் திரும்பிவிட்டன, அவை அவளைக் கேட்கவில்லை. சார் சொல்லிவிட்டார், நீயாகக் கேட்கவில்லை, இது நோய் இல்லை, இது பரீட்சை, பெரியவர் சொல்வதைச் செய்வது மரியாதை, முழு மார்க், யாராவது வேண்டாம் என்பார்களா, அம்மாவிடம் சொன்னால் அம்மா என்ன சொல்வாள், அண்ணன் என்ன சொல்வான், முழு மார்க்கை வேண்டாம் என்றுவிட்டு வந்தியாட்டி என்று கேட்பானே. ஷோபனா மேடம் ஒரு மாணவியின் ரெக்கார்டில் கையெழுத்துப் போட்டபடி நிமிர்ந்து பார்த்தார். மேடத்துக்குப் புரிந்துவிட்டதோ என்னவோ, வாயைத் திறந்தார், பிறகு ஒன்றும் சொல்லாமல் பேனாவை மூடினார். சொல்லியிருந்தால் அது மேடம் சொன்னதாக ஆகியிருக்கும்.

“வேண்டாம் சார்” என்றாள் ஜெபசெல்வி. அவர் காதில் விழவில்லை. மறுபடி சொன்னாள், “வேண்டாம் சார். இது போதும்.”

“மார்க் கொறயுமேம்மா.”

“கொறயட்டும் சார். எனக்கு இன்னொண்ணு போட்டா, அதுக்கப்புறமும் இன்னொண்ணு போடணும்னு தோணும் சார். அது ஒரு வியாதி எனக்கு. ஆஸ்பத்திரியில பாக்கேன். போன ரெண்டு வருஷமும் அப்படித்தான் எல்லாத்தையும் கொட்டிட்டேன்.”

சொல்லி முடித்த பிறகுதான் பின்னால் மேஜைகளில் பேச்சு நின்றிருப்பது தெரிந்தது. முப்பிடாதி கையில் குடுவையோடு வாயைத் திறந்தபடி நின்றாள். நாளைக்கே ஊர் முழுக்கத் தெரிந்துவிடும், அட்டை வாங்காமலே தெரிந்துவிடும். அம்மாவின் முகம் கண்ணுக்கு முன்னால் வந்தது. வியாதி என்று சொல்லியிருக்க வேண்டாமோ, உடம்பு சரியில்லை என்று பொதுவாகச் சொல்லியிருக்கலாமோ, ஆஸ்பத்திரி என்று சொன்னோமா, எந்த ஆஸ்பத்திரி என்று கேட்பாரோ. பரிசோதகர் கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியில் துடைத்து மாட்டிக்கொண்டார். நாலுக்கும் ஐந்துக்கும் பக்கத்தில் சின்னதாக ஒரு சரி போட்டு, கீழே கையெழுத்துப் போட்டார். கையெழுத்துப் போட்ட தாளை இனி யாரும் திருத்த முடியாது. அதை அவர் மற்றத் தாள்களின் அடுக்கில் வைத்து, மேலே இன்னொரு தாளையும் வைத்தார்.

“ஸ்டூல இழுத்துப் போட்டு உக்காரும்மா. வைவா பாக்கி இருக்குல்ல” என்றார். “பேரச் சொல்லு.”

“ஜெபசெல்வி” என்றாள். சத்தமாகச் சொன்னோமா, அவர் காதில் சரியாக விழுந்ததா என்று உள்ளே கேட்டது. திரும்பச் சொல்லாமல், கையை மடியில் வைத்துக்கொண்டு, அடுத்த கேள்விக்காக அவர் முகத்தைப் பார்த்தாள்.